கொழும்பு வெயிலில் ஆமைத் தொட்டி: சூடு, குளிர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் மட்டும் எனக்குத் தெரிந்து ஆறு வீடுகளில் சிவப்புக் காது ஆமை இருக்கிறது. பிள்ளை ஆசைப்பட்டது என்று அலங்கார மீன் கடையில் தீப்பெட்டி அளவில் வாங்கி வருகிறார்கள், இரண்டு மாதம் போனதும் லிப்டில் என்னைக் கண்டால் முதல் கேள்வி தண்ணீர்ச் சூட்டைப் பற்றித்தான் வரும், ஏனென்றால் இணையத்தில் தேடினால் கிடைப்பதில் பெரும்பங்கு பனி கொட்டும் ஊர்க்காரர்கள் எழுதியது. நான் பதின்மூன்று வருடமாக வளர்க்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதிலைப் போட்டிருக்கிறேன். அளவுகள் எல்லாம் செல்சியஸ் பாகையில்.

ஆமைக்கு எத்தனை பாகை வைக்க வேணும்?

ஒரு எண் சொன்னால் போதும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், ஆனால் ஆமைக்கு இரண்டு எண்கள் வேண்டும். வளர்ந்த ஆமைக்குத் தண்ணீர் 24 முதல் 27 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குட்டிக்கு 26 முதல் 28 வரை. அது ஏறிக் காய்கிற மேடையின் மேற்பரப்பு 31 முதல் 35 வரை.

நம்மைப்போல உடம்புக்குள்ளேயே சூட்டை உண்டாக்கிக்கொள்ள ஆமையால் முடியாது. சூடு வேண்டுமென்றால் மேடையில் ஏறும், போதுமென்றால் தண்ணீருக்குள் விழும். தின்றது செரிப்பது, கிருமியை எதிர்ப்பது, ஓடு வளர்வது எல்லாம் இந்த ஏறி இறங்கலை நம்பித்தான் நடக்கிறது. அதனால் தொட்டி முழுக்க ஒரே சூடாக இருப்பது, அது எவ்வளவு சரியான எண்ணாக இருந்தாலும், நல்லதில்லை. கீழே வரும் பதில்களில் பாதி இங்கேதான் திரும்பி வரும்.

அக்கா, கடையிலே ஹீட்டரும் சேர்த்துத் தந்தவை. போடத்தானே வேணும்?

பெரும்பாலான கொழும்பு வீடுகளில் வேண்டாம். எங்கள் ஹாலில் இருக்கும் தொட்டியில் வருடம் முழுக்கத் தண்ணீர் 26க்கும் 29க்கும் இடையில்தான் நிற்கிறது. டிசம்பர், ஜனவரி அதிகாலையில் வெளியே 22 பாகைக்குக் கிட்ட இறங்கினாலும் வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் அந்தளவுக்குக் குளிராது. இந்த ஆமையின் சொந்த இடம் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம், அங்கே குளிர்காலம் கடுமையானது, அங்கிருந்து எழுதுகிறவர் ஹீட்டர் கட்டாயம் என்றால் அது அவருக்குச் சரி. நமக்கு இருக்கும் தலையிடி சூட்டைக் குறைப்பது.

ஹீட்டரை எறிந்துவிடாதீர்கள், ஏசி அறைக்கும் மலைநாட்டுக்கும் அது உதவும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எதாலே அளக்கிறது? கையை விட்டுப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது. 28ஐயும் 31ஐயும் நம் கை பிரித்துச் சொல்லாது. மீன் கடைகளில் கண்ணாடியில் ஒட்டும் சிறிய வெப்பமானி மலிவாகக் கிடைக்கும், தண்ணீருக்கு அது போதும். மேடைக்குத்தான் வேறொன்று வேண்டும். கொவிட் காலத்தில் பல வீடுகளில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் துவக்கு மாதிரியான கருவி வாங்கினார்கள் அல்லவா, அது அலுமாரியில் கிடந்தால் எடுங்கள். ஆனால் உடம்புச் சூடு பார்க்கும் நிலையில் வைத்து அளக்கக் கூடாது, அந்த நிலை மனிதக் காய்ச்சலைக் கணக்கிட்டு எண்ணைத் திருத்திக் காட்டும். பொருட்களின் மேற்பரப்பை அளக்கும் நிலை பல கருவிகளில் இருக்கிறது, அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பிடித்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும், மேலே இருந்து நேராக மேடைக்குப் பிடிக்க வேண்டும்.

ஒரு கிழமைக்குக் காலை ஆறு மணி, பின்னேரம் இரண்டு மணி, இரவு படுக்கும்போது என்று மூன்று தரம் எழுதி வையுங்கள். அந்தத் தாளைப் பார்த்தால் உங்கள் வீட்டுத் தொட்டியைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

வெயில் நல்லதுதானே, தொட்டியைப் பல்கனியிலே வைக்கலாமா?

கண்ணாடித் தொட்டி என்றால் தயவுசெய்து வைக்காதீர்கள். என் முதல் ஆமையை நான் இழந்தது பல்கனியில்தான். வாங்கி இரண்டாவது சித்திரை, புது வருடத்துக்கு முதல் நாள், சாமான் வாங்க மூன்று மணித்தியாலம் வெளியே போயிருந்தேன். போகும்போது தொட்டி இருந்த மூலை நிழலாகத்தான் இருந்தது. நான் திரும்பி வந்து கையை விட்டபோது தண்ணீர் தேநீர் போலச் சுட்டது. குளிர இறங்குவதற்கு அதற்கு ஓர் இடமும் இல்லை. காலையில் நிழலாக இருக்கும் மூலை பின்னேரமும் நிழலாகவே இருக்கும் என்று நினைத்தது என் பிழை. இத்தனை வருடம் போயும் அந்த மூலையில் நான் எதையும் வைப்பதில்லை.

காலி வீதிக்குக் கடற்பக்கம் உள்ள வீடுகளில் பல்கனி பெரும்பாலும் மேற்கைப் பார்த்திருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு ஆறு மணி வரைக்கும் வெயில் நேரே உள்ளே வரும். ஏப்ரல் முதல் கிழமை சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும், செப்டெம்பர் தொடக்கத்தில் மறுபடியும் அப்படி வரும். நாலு பக்கமும் கண்ணாடி, நடுவில் இருபது லீட்டர் தண்ணீர் என்றால் அது சூடேற அதிக நேரம் எடுக்காது. ஆமையின் உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

வெளியேதான் வைக்க வேண்டும் என்றால் கண்ணாடி இல்லாத, நூறு லீட்டருக்குக் குறையாத பெரிய தொட்டி எடுங்கள். அதில் பாதிக்கு மேல் எந்த நேரமும் நிழல் இருக்கும்படி கிடுகோ நிழல் வலையோ கட்டுங்கள். தகரம் வேண்டாம், அது தானும் சூடாகி கீழேயும் சூட்டைத் தள்ளும். காகத்துக்கும் பூனைக்கும் மேலே கம்பி வலை கட்டாயம் போட வேண்டும்.

எங்கட வீட்டிலே ஜன்னலாலே நல்ல வெயில் விழுது. அது காணாதா?

காணாது. சூடும் வெளிச்சமும் கண்ணாடியைத் தாண்டி வரும், ஆனால் ஓட்டுக்கும் எலும்புக்கும் தேவையான யூவிபி கதிரைச் சாதாரண ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாக மறித்துவிடும். அதாவது உங்களுக்குக் கிடைப்பது வெயிலின் கெடுதல் மட்டும். கண்ணாடி நடுவில் இல்லாத வெயில் வேண்டும்: காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் ஒரு பேசினில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பாதிக்கு நிழல் வைத்து, நீங்களும் பக்கத்தில் இருந்துகொண்டு இருபது நிமிடம். போனை எடுக்க உள்ளே போகிறீர்கள் என்றால் ஆமையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்ப என்ன பல்ப் போடுறது?

இரண்டு வேலைக்கு இரண்டு பல்ப். சூட்டுக்கு, பழைய மாதிரி இழை உள்ள 40 அல்லது 60 வாட்ஸ் பல்ப், இல்லாவிட்டால் ஹலோஜன். எல்இடி பல்ப் வெளிச்சம் தரும், மேடைக்கு வேண்டிய சூட்டைத் தராது. மேடைக்கு மேலே 25, 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, ஒரு மணித்தியாலம் எரியவிட்டு அளந்து, 35ஐத் தாண்டினால் உயர்த்துங்கள், 31 வராவிட்டால் இறக்குங்கள். பல்ப் தண்ணீருக்குள் விழாதபடி கம்பியால் கட்ட வேண்டும், கிளிப்பை மட்டும் நம்பக் கூடாது.

யூவிபிக்குத் தனி பல்ப். அதை ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் மாற்றுவார்கள், ஏனென்றால் வெளிச்சம் அப்படியே இருக்கும்போதே அந்தக் கதிர் மட்டும் குறைந்துபோகும், நம் கண்ணுக்குத் தெரியாது. மேலே சொன்ன காலை வெயிலை ஒழுங்காகக் காட்டுகிறவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். வேலைக்குப் போய் இரவு வீடு திரும்புகிறவர்கள் வாங்குவதுதான் நல்லது. இரவில் எந்தப் பல்ப்பும் வேண்டாம், சிவப்புப் பல்ப்பும் வேண்டாம்.

மேடைக்கு ரிஜிபோம் (தெர்மோகோல்) துண்டு போட்டிருக்கிறன், மிதக்குது. சரிதானே?

எடுத்துவிடுங்கள். ஆமை கடித்து விழுங்கும், குடலை அடைக்கும். அதோடு ரிஜிபோம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளாது. ஒரு பழைய கூரை ஓட்டைச் சரிவாக வைத்துப் பாருங்கள், பல்ப் சூட்டை வாங்கி வயிற்றுப் பக்கத்துக்கும் தரும், நகம் பிடித்து ஏறவும் வசதி. ஓட்டுக்கு அடியில் முட்டுக்கு வைத்த கல் உருண்டு கண்ணாடியில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மழைக்காலத்திலே பல்ப் தேவையா, இல்லை சூடு காணுமா?

கொழும்பில் பல்ப் உண்மையாகவே தேவைப்படும் காலம் இதுதான். ஒக்டோபர், நவம்பரில் கிழமைக்கணக்காக மூடிக்கொண்டு கிடக்கும். தண்ணீர்ச் சூடு பெரிதாக இறங்காது, அதனால் எல்லாம் சரி என்று நினைப்போம். ஆனால் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும்போது ஓடு காயாது. ஓடு நாளுக்கு ஒரு தரமாவது முழுக்கக் காய வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், ஓட்டின் இடுக்குகளில் வெள்ளையாக, வழுவழுப்பாகத் தெரிய ஆரம்பிக்கும், பிறகு மணமும் வரும். நம் உடுப்பு காயாத நாளில் ஆமையின் ஓடும் காயாது, அதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் ஐந்து வரை பல்ப் எரியட்டும்.

எங்கட தொட்டி ஏசி அறையிலே. இரவு 22இலே போடுவம். பிரச்சினையா?

பிரச்சினைதான். முதலில் தொட்டியை ஹாலுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள், அது செலவில்லாத வழி. முடியாவிட்டால் அந்தப் பெட்டியில் வைத்த ஹீட்டரை எடுங்கள். தானாக நின்று எரியும் வகை, 50 லீட்டர் தண்ணீருக்கு ஐம்பது வாட்ஸ் அளவில், 25 அல்லது 26இல் வையுங்கள். கண்ணாடி ஹீட்டரை ஆமை இடித்து உடைக்கும், துளையுள்ள பிளாஸ்டிக் உறை போட வேண்டும். தண்ணீர் மாற்றும்போது பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் பொறுத்து வேலையைத் தொடங்குங்கள். சூடான ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே வந்தால் வெடிக்கும், பிளக் போட்டபடி கையை விடுவது உங்களுக்கும் ஆபத்து.

இன்னொன்று, ஏசிக் காற்று நேரே மேடையில் அடிக்கக் கூடாது. நனைந்த ஆமை குளிர்காற்றில் நின்றால் சளி பிடிப்பது விரைவாக நடக்கும்.

தண்ணி 31க்குப் போயிட்டுது. ஐஸ் போடலாமா?

ஐஸ் கட்டியை நேரே கொட்ட வேண்டாம். தண்ணீர் நிரப்பி உறைய வைத்த போத்தல் போடலாம், ஆனால் தொட்டியின் அளவைப் பார்த்துத்தான். ஒரு லீட்டர் போத்தல் இருபது லீட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைந்தால் ஐந்து, ஆறு பாகை இறங்கிவிடும். அதே போத்தல் நூறு லீட்டரில் ஒரு பாகைக்குச் சற்று மேலேதான் இறக்கும். சின்னத் தொட்டிக்கு அது பெரிய அதிர்ச்சி, பெரிய தொட்டிக்குப் பலன் குறைவு. இருபது லீட்டர்காரர்கள் அரை லீட்டர் போத்தலை மூடியோடு போட்டு, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே நின்று, இரண்டு பாகை இறங்கியதும் வெளியே எடுங்கள்.

என் கைக்கு வந்த நல்ல வழி மேசை விசிறி. தொட்டி மூடியைக் கம்பி வலையாக மாற்றி, விசிறிக் காற்று தண்ணீர் மேற்பரப்பை உரசிப் போகும்படி வைத்தால் ஒன்று, இரண்டு பாகை இறங்கும். கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தண்ணீர் வற்றும், நிரப்பிக்கொள்ள வேண்டும். காற்று மேடைப் பக்கம் போகாமல் பாருங்கள், காரணத்தை ஏசிக் கேள்வியில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்விட நல்லது தண்ணீரைக் கூட்டுவது, நிறையத் தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும். வெயில் மாதங்களில் மிஞ்சிய சாப்பாட்டையும் உடனே அள்ளிவிடுங்கள். சூடான தண்ணீரில் அது சீக்கிரம் அழுகும், அதிலிருந்து வரும் அமோனியாவும் சூட்டில் அதிக நஞ்சாகும்.

தண்ணி மாத்தினதிலே இருந்து சோர்ந்துபோய்க் கிடக்கு. குளோரினா?

இருக்கலாம், ஆனால் முதலில் நான் கேட்பது எத்தனை மணிக்கு மாற்றினீர்கள் என்பதைத்தான். மொட்டைமாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தாங்கி இருக்கும் வீடுகளில் பின்னேரம் இரண்டு மணிக்குப் பைப்பைத் திறந்தால் கை சுடும் தண்ணீர் வரும். அதை அப்படியே தொட்டிக்கு விட்டவர்கள் எங்கள் மாடியிலேயே இரண்டு பேர். காலையில் மாற்றுங்கள், அல்லது முதல் நாள் இரவே வாளிகளில் பிடித்து வையுங்கள், சூடும் தணியும், குளோரினும் ஓரளவு போகும். பழைய தண்ணீருக்கும் புதுத் தண்ணீருக்கும் இரண்டு பாகைக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

கரண்ட் போனால் என்ன செய்யிறது?

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதும் இங்கே ஆமைக்குக் குளிர் ஒரு பிரச்சினையாக வரவில்லை. பில்டர் நிற்பதால் தண்ணீர் கெடுவதுதான் பிரச்சினை. அன்றைக்குச் சாப்பாடு போடாதீர்கள், வளர்ந்த ஆமை ஒரு நாள் பட்டினி தாங்கும்.

வெயிலிலே விட்டிட்டம், இப்ப அசையுதே இல்லை. உடனே என்ன செய்ய?

நிழலுக்கு எடுங்கள். ஒரு பேசினில் சாதாரண அறைச்சூட்டுத் தண்ணீர், 25, 26 பாகை, தாடைக்குக் கீழே நிற்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள். தலை தூக்க முடியாத ஆமை ஆழமான தண்ணீரில் மூழ்கிச் சாகும். பிரிட்ஜ் தண்ணீரும் ஐஸும் வேண்டாம். ஈரத் துணியால் தலையையும் கால்களையும் திரும்பத் திரும்ப ஒற்றுங்கள். அப்படியே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், ஊர்வன பார்க்கிறவரா என்று போகிற வழியில் போன் எடுத்துக் கேளுங்கள். எழும்பி நடந்தாலும் காட்டத்தான் வேண்டும், உள்ளுறுப்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

இதற்கு முந்திய கட்டத்தைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள்: கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டு வெளியே வரத் துடிப்பது, வாயைத் திறந்தபடி வைத்திருப்பது, வாயோரம் நுரை.

ரெண்டு கிழமையா சாப்பிடேல்லை. குளிர்கால உறக்கம் என்று நெட்டிலே கிடக்கு, விடலாமா?

விடாதீர்கள். அந்த உறக்கம் தண்ணீர் பத்து பாகைக்கும் கீழே போகும் நாடுகளில் நடப்பது. கொழும்பில் டிசம்பர் என்றாலும் அதற்கு வழியே இல்லை. இங்கே ஓர் ஆமை சாப்பிடாமல் கிடந்தால் சுகயீனம், அல்லது தண்ணீர் கெட்டிருக்கிறது, அல்லது பெண் ஆமை வயிற்றில் முட்டையோடு இருக்கிறது, அல்லது உங்கள் ஏசி அறை. மூக்கில் குமிழி, மூச்சு விடும்போது சத்தம், ஒரு பக்கம் சாய்ந்து நீந்துவது இருந்தால் அது நுரையீரல், அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். போகும்வரை தண்ணீரை 28, 29இல் வைத்திருப்பது நல்லது, சுகமில்லாத ஆமைக்குக் கொஞ்சம் கூடுதல் சூடு உதவும்.

எல்லாம் செய்திட்டன், ஆனால் மேடையிலே ஏறவே மாட்டன் என்குது. ஏன்?

இது கொழும்புக்கே உரிய கேள்வி, எனக்கு விளங்க மூன்று வருடம் எடுத்தது. ஆமை ஏறுவது சூட்டைத் தேடி. தண்ணீரே 30 பாகையில் இருந்தால் அது ஏன் ஏற வேண்டும்? ஏறாவிட்டால் ஓடு காயாது, யூவிபியும் கிடைக்காது, நீங்கள் வாங்கிய பல்ப் சும்மா எரிந்துகொண்டிருக்கும். எனவே பல்ப்பைப் பெரிதாக்க முதல் தண்ணீரை முடிந்தளவு 26க்குக் கிட்டக் கொண்டுவாருங்கள், ஐஸ் கேள்வியில் சொன்ன வழிகளைப் பாருங்கள். எண்களைவிட அவற்றுக்கு இடையில் உள்ள ஐந்து, ஆறு பாகை வித்தியாசம்தான் ஆமையை ஏற்றி இறக்குகிறது.

மேடை அதிகச் சூடாக இருந்தாலும் ஏறாது, அளந்து பாருங்கள். ஆள் நடமாடும் பக்கம் இருந்தாலும் சில ஆமைகள் பயந்து ஏறாது, ஓரமாக ஒரு துணியைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். மறுபக்கம், நாள் முழுக்க மேடையிலேயே கிடந்து தண்ணீருக்கே போகாவிட்டால் தண்ணீர் குளிராக இருக்கிறது, அல்லது அதற்குச் சுகமில்லை.

தங்கச்சி ஹட்டனிலே இருக்கிறா, அவவுக்கு ஒன்று குடுக்கலாமா?

இந்தப் பக்கத்தில் எழுதியதை அவர் தலைகீழாகப் படிக்க வேண்டும். மலைநாட்டு இரவுக் குளிரில் ஹீட்டர் வேண்டும், பகலில் பல்ப்பும் வேண்டும், மின்வெட்டு அங்கே உண்மையான ஆபத்து. நுவரெலியா என்றால் இன்னும் கடினம், வருடச் சராசரியே 16 பாகை அளவில்தான். அந்தச் செலவுக்கு அவர் தயாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கொண்டுபோகும்போது தண்ணீர் இல்லாத பெட்டியில் ஈரத் துண்டு விரித்து, காற்றுத் துளை போட்டு, மடியில் வைத்துக்கொண்டு போகலாம். நிறுத்திய வாகனத்துக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகக் கூடாது.

இவ்வளவு கரைச்சல் என்றால் வாவியிலே விட்டால் அதுக்கும் சுகம்தானே?

அதற்குச் சுகமாக இருக்கலாம், அங்கே ஏற்கனவே இருக்கும் உயிர்களுக்கு இல்லை. உலகில் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐயூசிஎன்) வெளியிட்ட பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம் குளங்களில் இந்த மண்ணிலேயே இயற்கையாக வாழும் பாலாமையும் கறுப்பாமையும் இருக்கின்றன. வெயில் காயும் கட்டைக்கும் சாப்பாட்டுக்கும் அவற்றோடு இது போட்டி போடும். வைத்திருக்க முடியாவிட்டால் வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அவர் இருபது, முப்பது வருடத்துக்குச் சம்மதிக்கிறார் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

ஊரிலே இருந்து நட்சத்திர ஆமை ஒன்று கொண்டு வந்தம். அதுக்கு என்ன சூடு?

அதற்கு நான் வளர்க்கும் முறை சொல்ல மாட்டேன். நட்சத்திர ஆமை நம் உலர் வலயத்தின் விலங்கு, சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, வீட்டில் வைத்திருப்பது குற்றம். 2019இல், நாடுகளுக்கிடையே காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதலாம் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுக்குக் கடத்தல் நடக்கிறது. கொழும்பின் ஈரம் அதற்கு ஒத்தும் வராது. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படையுங்கள்.

முட்டை போட்டிருக்கு! பொரிக்க வைக்க எத்தனை பாகை?

ஆண் துணை இல்லாமல் தனியாக வளர்ந்த ஆமையும் முட்டையிடும், அது பொரிக்காது. ஆண் இருந்தால் மட்டும் இந்தக் கேள்வி. இந்த இனத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் சூடுதான் முடிவுசெய்கிறது. 26 பாகையில் எல்லாம் ஆண், 31இல் எல்லாம் பெண், 29க்குக் கிட்ட இரண்டும் கலந்து வரும். கொழும்பில் நிழலில் வைத்த மணல் வாளி எந்த ஹீட்டரும் இல்லாமலே இந்த இடைவெளிக்குள்தான் நிற்கும். ஆனால் பத்துக் குஞ்சு வந்தால் பத்து வீடு தேட வேண்டும், அதனால் நான் பொரிக்க வைப்பதில்லை, யாருக்கும் சொல்வதுமில்லை.

முட்டையைவிடத் தாயைப் பாருங்கள். மணல் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கி வைத்திருக்கும், அது உயிருக்கு ஆபத்து. அது வெளியே வர அலைந்து, பின்கால்களால் மேடையைத் தோண்டப் பார்த்தால், ஒரு அகலமான பேசினில் ஓரடி ஆழத்துக்கு ஆற்று மணலும் மண்ணும் கலந்து போட்டு, குழி இடிந்து விழாத அளவுக்கு ஈரமாக்கி, வெயில் படாத அமைதியான இடத்தில் வையுங்கள். கூட்டமாக நின்று பார்க்காதீர்கள். எங்கள் வீட்டு ஆமை அதிகாலை நாலு மணிக்குத்தான் தோண்டும், நாங்கள் எழும்பும்போது மணலைச் சமப்படுத்தி மூடிவிட்டுத் தொட்டிப் பக்கம் வந்து நிற்கும்.